ஓடுகிறவன் வெளியே! பந்து உள்ளே!!
மக்கள் பணத்தில் கட்டிய ஸ்டேடியம் யாருக்கு?

சென்னை, நொச்சிக்குப்பம்:

விடியற்காலை ஐந்து மணிக்கு நொச்சிக்குப்பம் லூப் ரோட்டில் நின்று பாருங்கள். ஒரு பக்கம் படகுகள் கரை ஏறும். இன்னொரு பக்கம் மீன் கூடைகள் இறங்கும். மணலில் பையன்கள் பந்து உதைப்பார்கள். ரோட்டு ஓரமாக, வண்டிக்கும் ஆளுக்கும் ஒதுங்கி ஒதுங்கி, நாலைந்து பிள்ளைகள் ஓடிக்கொண்டு இருப்பார்கள்.

பந்து ஆட மணல் போதும். நாலு செருப்பைக் கழற்றி வைத்தால் கோல் போஸ்ட் தயார்!

ஓட்டப் பந்தயம் அப்படி அல்ல. மணலில் ஓடினால் காலில் பலம் ஏறும். மெடல் ஏறாது. அடியில் முள் வைத்த ஷூவை மாட்டிக்கொண்டு, ரப்பர் மாதிரி இருக்கும் செயற்கை ஓடுபாதையில் வருஷக்கணக்கில் ஓடினால்தான் ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கைக் குறைக்க முடியும்.

நூறில் ஒரு பங்கு ஒரு விஷயமா என்று கேட்டுவிடாதீர்கள். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி.உஷா வெண்கலத்தைப் பறிகொடுத்தது அந்த நூறில் ஒரு பங்கில்தான். 400 மீட்டர் தடை ஓட்டம். அவர் ஓடிய நேரம் 55.42 வினாடி. அந்த இந்திய சாதனையைத் தொட 39 வருஷம் பிடித்தது. தொட்டவர் நம்ம தமிழ்நாட்டுப் பெண், கோவை வித்யா ராம்ராஜ். ஒரு டிரைவர் மகள். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் முதல் சுற்றில் அச்சு அசலாக அதே 55.42! பிறகு பைனலில் வெண்கலம்.

டிரைவர் மகளுக்கும் மீனவர் மகளுக்கும் சொந்தமாக ஓடுபாதை கட்டிக்கொடுக்க எந்த அப்பனாலும் முடியாது. சர்க்கார்தான் கட்ட வேண்டும். கட்டியதை யார் கையில் கொடுக்கிறார்கள் என்பதுதான் இப்போது விவகாரம்.

மூன்று வேஷம்

சென்னையில் பெரிய போட்டி நடத்தத் தகுந்த ஓடுபாதை என்றால் பெரியமேடு நேரு ஸ்டேடியம். ரிப்பன் கட்டிடத்துக்குப் பின்னால் இருக்கிறது. இந்த இடம் இதுவரை மூன்று வேஷம் போட்டுவிட்டது.

முதல் வேஷம் கிரிக்கெட். அப்போது பெயர் கார்ப்பரேஷன் ஸ்டேடியம். வயசானவர்கள் பலர் இன்றும் அப்படித்தான் சொல்வார்கள். 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது இங்கேதான். அந்த உலக சாதனை 2008 வரை, 52 வருஷம், அசையவில்லை. 1965 வரை டெஸ்ட் மேட்ச் நடந்தது. பிறகு கிரிக்கெட் சேப்பாக்கத்துக்கே திரும்பிப் போய்விட்டது.

இரண்டாவது வேஷம் 1993-ல். பழசை இடித்துப் புதுசாகக் கட்டினார்கள். நேரு கோப்பை கால்பந்து நடந்தது. வடகொரியா கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. 1995-ல் தெற்காசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. சுற்றி ஓடுபாதை, நடுவில் புல்தரை. இரண்டு கூட்டத்துக்கும் பொது.

மூன்றாவது வேஷம் 2014-ல். ஐ.எஸ்.எல். கால்பந்து வந்தது. சென்னையின் எப்.சி. அணிக்கு இதுவே சொந்த மைதானம் ஆனது. 2015-லும் 2018-லும் அந்த அணி கோப்பை வாங்கியது. கூட்டம் அலைமோதியது. ரசிகர்கள் வைத்துக்கொண்ட பெயர் 'மரீனா அரீனா'. (மரீனா எங்கே, பெரியமேடு எங்கே? நொச்சிக்குப்பத்துக்காரரிடம் சொன்னால் சிரிப்பார்.)

குறை சொல்வதற்கு முன் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். நேரு ஸ்டேடியத்தில் ஓடுபாதையை யாரும் பெயர்க்கவில்லை. 2024 செப்டம்பரில் தெற்காசிய ஜூனியர் தடகளம் அங்கேதான் நடந்தது. 2025 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு இடையிலான தேசியத் தடகளமும் அங்கேதான்.

பின்னே எதற்கு இந்தக் கூப்பாடு?

பெயர்க்காமலே ஒரு மைதானம் கை மாறும் ஐயா! அந்த வித்தையைப் பார்க்க லண்டன் வரை போக வேண்டும். போகும் முன், ஓடுபாதைக்கும் கால்பந்துக்கும் அப்படி என்ன தகராறு என்று பார்த்துவிடலாம்.

மூன்று பஸ் தூரம்

ஓடுபாதையின் ஒரு சுற்று 400 மீட்டர். எட்டுப் பேர் ஓட எட்டுக் கோடுகள். ஒரு கோட்டுக்கு அகலம் 1.22 மீட்டர். எட்டுக்கும் சேர்த்துப் பத்து மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நடுவில் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலத்தில் கால்பந்துத் திடல். இது தாராளமாக அடங்கும்.

அடங்குவதில்தான் வம்பே இருக்கிறது. இரண்டு முனையிலும் பாதை அரைவட்டமாக வளைகிறது. அதனால் கோல் போஸ்ட்டுக்கும் அதன் பின்னால் உட்காரும் ரசிகனுக்கும் நடுவே 36 மீட்டர் இடைவெளி விழும். நம்ம மாநகரப் பஸ் மூன்றை வரிசையாக நிறுத்தலாம்! காசு கொடுத்து வந்தவன் கோலியின் முகத்தைப் பார்க்க முடியாது. அதனால் கால்பந்துக்காரன் கண்ணுக்கு ஓடுபாதை எப்போதும் ஒரு தொல்லை.

ஓடுகிறவன் பக்கமும் தொல்லை உண்டு. ஈட்டியும் குண்டும் சங்கிலிக் குண்டும் விழுவது அந்த நடுப் புல்லில்தான். விழுந்தால் பள்ளம் விழும். லட்சக்கணக்கில் செலவழித்துப் புல் வளர்த்த அணி அதற்குச் சம்மதிக்குமா? முதலில் ஈட்டியை வெளியே அனுப்புவார்கள். அப்புறம் மேட்ச் நாளில் ஓடுகிறவனை அனுப்புவார்கள். அப்புறம் மேட்சுக்கு முதல் நாளும். விளம்பரப் பலகை, டி.வி. ஒயர், நாற்காலி எல்லாம் ஓடுபாதை மேல் ஏறும். ஒருநாள் காலண்டரைப் பார்த்தால் ஓடுகிறவனுக்கு மிச்சம் இருப்பது மழை நாளும் பரீட்சை நாளும்தான்.

கொடிக் கம்புக்கும் மக்கள் பணம்!

இப்போது லண்டன்.

நம்ம ஊரிலிருந்து அங்கே போன மாப்பிள்ளைகள் பலருக்கு ஈஸ்ட் ஹாம் நன்றாகத் தெரியும். தோசை, இடியாப்பம், முருகன் கோயில், கொழும்புத் தமிழர் நகைக்கடை எல்லாம் உள்ள பேட்டை. அதற்குப் பக்கத்தில் அப்டன் பார்க்கில் 1904 முதல் ஆடிவந்த கால்பந்து அணி வெஸ்ட் ஹாம்.

2005-ல் சிங்கப்பூரில் லண்டன்காரர்கள் ஒலிம்பிக்கைக் கேட்டு வாங்கியபோது கொடுத்த வாக்கு என்ன? போட்டி முடிந்த பிறகும் ஸ்டேடியத்தில் ஓடுபாதை இருக்கும், தடகளத்துக்கு அது வீடாக இருக்கும் என்பது. 2012-ல் 80 ஆயிரம் பேர் உட்கார்ந்து ஒலிம்பிக் பார்த்தார்கள். முடிந்ததும் பெரிய தலைவலி. அவ்வளவு பெரிய கட்டிடத்தை வருஷம் பூரா யார் நிரப்புவது?

கால்பந்து அணிகள் போட்டிக்கு வந்தன. டாட்டன்ஹாம் அணி ஸ்டேடியத்தை இடித்துப் புதுசாகக் கட்டிக்கொள்கிறோம் என்றது. வெஸ்ட் ஹாம் ஓடுபாதையை வைத்துக்கொள்கிறோம் என்றது. 2011-ல் வெஸ்ட் ஹாமுக்குக் கை நீட்டினார்கள். வழக்கு, புகார் என்று அந்த ஏற்பாடு அதே வருஷம் கவிழ்ந்தது. 2013-ல் மறுபடி வெஸ்ட் ஹாமுக்கே கொடுத்தார்கள். 99 வருஷக் குத்தகை!

கால்பந்துக்கு ஏற்ப மாற்ற ஆன செலவு 32 கோடியே 30 லட்சம் பவுன். (நகைக்கடைப் பவுன் அல்ல, லண்டன் காசு. ஒரு பவுனுக்கு நூறு ரூபாய் என்று குறைத்துப் போட்டாலே 3,230 கோடி ரூபாய்.) இதில் வெஸ்ட் ஹாம் போட்டது ஒன்றரைக் கோடி பவுன். மிச்சம் பெரும்பகுதி மக்கள் வரிப்பணம். ஈஸ்ட் ஹாமில் கடை வைத்திருக்கும் தமிழர் கட்டிய வரியும் அதில் சேர்த்தி.

ஒப்பந்தம் போட்டபோது வருஷ வாடகை 25 லட்சம் பவுன். அணி தோற்றுப் போய்க் கீழ் டிவிஷனுக்கு இறங்கினால் வாடகை பாதி!

இந்த ஒப்பந்தத்தை ஆரம்பத்தில் ரகசியமாக வைத்திருந்தார்கள். ரசிகர் சங்கங்கள் விடவில்லை. அங்குள்ள தகவல் சட்டப்படி மனுப் போட்டு, தீர்ப்பாயம் வரை போய், 2016 ஏப்ரலில் வெளியே கொண்டுவந்தார்கள். படித்தவர்களுக்குத் தலை சுற்றியது. காவல் ஆள் செலவு, கரண்ட், புல்தரைப் பராமரிப்பு எல்லாம் ஸ்டேடியத்தின் தலையில். கோல் போஸ்ட் கூட! மூலையில் நடுகிற கொடிக் கம்பு கூட!!

தி.நகரில் கடையை வாடகைக்கு விடுகிற எந்த வீட்டுக்காரராவது ஷட்டருக்குப் பெயின்ட் அடித்து, கரண்ட் பில் கட்டி, வாட்ச்மேன் சம்பளமும் கொடுத்து, போர்டு மாட்ட ஆணியும் வாங்கித் தருவாரா? லண்டன் கொடுத்தது.

மூன்று லட்சம், எண்பது லட்சம்

இதைவிடப் பெரிய கூத்து நாற்காலி. கால்பந்து சீசனில் இருக்கைகளை ஓடுபாதை மேல் தள்ளி வைப்பார்கள். கோடையில் பின்னால் இழுத்தால் ஓடுபாதை தெரியும். தடகளமும் நடக்கும், கால்பந்தும் நடக்கும். கேட்க அருமையான யோசனை.

தள்ளி இழுக்க வருஷத்துக்கு மூன்று லட்சம் பவுன் ஆகும் என்று முதலில் கணக்குப் போட்டார்கள். நிஜத்தில் ஆனது 80 லட்சம்! 2017-ல் லண்டன் மேயர் சாதிக் கான் வைத்த விசாரணையில் இந்த வண்டவாளம் எல்லாம் தண்டவாளம் ஏறியது. வருஷத்துக்கு இரண்டு கோடி பவுன் அளவுக்கு நஷ்டம் என்று கணக்கு வந்தது. அந்த வருஷக் கடைசியில் மேயரே ஸ்டேடியத்தை நேராகத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

நாங்கள் வராவிட்டால் அது வெறும் காலிக் கட்டிடமாகக் கிடந்திருக்கும் என்பது வெஸ்ட் ஹாம் தரப்பு வாதம். அதிலும் உண்மை இல்லாமல் இல்லை. மேட்ச் நாளில் பெரிய கூட்டம் வருகிறது. ஆனால் அந்த ரசிகனாவது சந்தோஷமாக இருக்கிறானா? பழைய அப்டன் பார்க்கில் கை நீட்டினால் ஆட்டக்காரன் தோளைத் தொடலாம். புது இடத்தில் தூரம். 2018 மார்ச்சில் பர்ன்லி அணியோடு நடந்த மேட்சில் ரசிகர்கள் திடலுக்குள்ளேயே குதித்து முதலாளிகளுக்கு எதிராக ரகளை செய்தார்கள்.

தடகளம் அங்கே செத்துவிட்டதா? இல்லை. கோடையில் அதற்கென்று நாள் ஒதுக்கி ஒப்பந்தத்தில் எழுதி வைத்ததால் பிழைத்தது. 2017-ல் உலகத் தடகளப் போட்டி அங்கே நடந்தது. 2025 ஜூலையில் நடந்த ஒருநாள் போட்டிக்கு 60 ஆயிரம் பேர் வந்தார்கள். எழுத்தில் இருந்த நாட்கள் காப்பாற்றின. கவனியுங்கள், வாய் வார்த்தை அல்ல, எழுத்து!

அதே நாட்டில் மான்செஸ்டர்காரன் புத்திசாலி. 2002 காமன்வெல்த் போட்டிக்கு ஸ்டேடியம் கட்டும்போதே, இது முடிந்ததும் கால்பந்துக்கு என்று முதலிலேயே பேசி முடித்தான். போட்டி முடிந்தது. ஓடுபாதையை எடுத்தான். தரையைத் தோண்டிக் கீழே இறக்கி, ரசிகனுக்குப் பக்கத்தில் புது வரிசை இருக்கைகள் போட்டான். 2003-ல் மான்செஸ்டர் சிட்டி குடி வந்தது. ஓடுகிறவர்களுக்கு? பக்கத்திலேயே பயிற்சிக்கு என்று போட்ட தனி ஓடுபாதை இருந்தது. அது அவர்களுக்கே ஆனது. நாற்காலி தள்ளுகிற வேலையும் இல்லை, சண்டையும் இல்லை.

பெங்களூரில் கோர்ட், டெல்லியில் நாய்

நம்ம நாட்டுக்கு வருவோம். பெங்களூர் கன்டீரவா ஸ்டேடியம் தடகளத்துக்குப் பெயர் போனது. 1997 தேசிய விளையாட்டுக்காகப் புதுப்பித்தது. 2014 முதல் பெங்களூரு எப்.சி. கால்பந்து அங்கே வந்தது. சில வருஷத்தில் ஓடுகிறவர்களும் கோச்சுகளும் கொடி பிடித்தார்கள். பயிற்சிக்கு விடுவதில்லை, எறிகிறவர்களுக்குப் புல்தரை இல்லை என்று புகார். விவகாரம் கர்நாடக உயர்நீதிமன்றம் வரை ஏறியது. வழக்கில் யார் ஜெயித்தாலும், கோர்ட் வராந்தாவில் நின்ற நேரத்துக்கு ஓடுகிற பிள்ளைகளின் வயசு நிற்காது.

டெல்லியில் நடந்தது இன்னும் கேவலம். கால்பந்து கூட இல்லை, நாய்! 2010 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டிய தியாகராஜ் ஸ்டேடியத்தில், சாயந்திரம் ஏழு மணிக்கே வெளியேறச் சொல்கிறார்கள் என்று 2022 மே மாதம் வீரர்கள் குமுறினார்கள். காரணம், ஒரு பெரிய ஐ.ஏ.எஸ். அதிகாரி நாயோடு வாக்கிங் வருகிறார் என்றார்கள். நான் யாரையும் போகச் சொல்லவில்லை என்று அதிகாரி மறுத்தார். ஆனால் பத்திரிகையில் வந்த அன்றே அவரை லடாக்குக்குத் தூக்கி அடித்தார்கள். அதே டெல்லி நேரு ஸ்டேடியத்தில் 2024 அக்டோபரில் ஒரு பிரபல பாடகரின் கச்சேரி முடிந்த பிறகு, ஓடுபாதை மேல் குப்பையும் பாட்டிலும், உடைந்து கிடந்த தடை ஓட்டச் சாமான்களும்! ஒரு ஓட்ட வீரர் படம் பிடித்துப் போட்டார். ஊரே பார்த்தது.

எனக்கும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. நானும் ஸ்கூலில் 800 மீட்டர் ஓடியவன்தான். பிளஸ் ஒன் படிக்கும்போது ஒரு போட்டிக்குப் போனோம். ஊர் பெயர், மைதானம் பெயர் எதற்கு? விடியற்காலை பஸ் ஏறிப் போய் இறங்கினால் உள்ளே பந்தல். ஏதோ விழா. பாதை மேலேயே லாரி நிற்கிறது. எங்களைப் பக்கத்துக் கட்டாந்தரைக்கு ஓட்டிக்கொண்டு போய், சுண்ணாம்பில் கோடு கிழித்து ஓடவிட்டார்கள். இரண்டாவது வளைவில் சரளைக் கல்லில் வழுக்கி விழுந்தேன். முட்டியில் தழும்பு இன்னும் இருக்கிறது. அன்றைக்கு என்னோடு ஓடியவர்களில் ஒருத்தன் உண்மையிலேயே நல்ல ஓட்டக்காரன். அவன் அதற்கு அப்புறம் ஓடவே வரவில்லை.

கரைக்காரர்களுக்குப் புரியும்

பொது இடம் யாருடையது என்ற கேள்வி நொச்சிக்குப்பத்துக்குப் புதுசு அல்ல. 1985-ல் மெரினாவை அழகுபடுத்துகிறோம் என்று கட்டுமரத்தையும் வலையையும் அப்புறப்படுத்தப் போய், துப்பாக்கிச் சூடு வரை ஆனது. 2023-ல் லூப் ரோட்டு மீன் கடைகளை எடுக்கச் சொல்லி உயர்நீதிமன்றம் தலையிட்டபோது ரோட்டில் மீனைக் கொட்டி மறியல் செய்தார்கள். 2024 ஆகஸ்டில் புது மீன் மார்க்கெட் திறந்தார்கள். அதன் குறை நிறை வேறு கதை. ஆனால் இடத்தை எடுத்துக்கொண்டால் மாற்று இடம் எங்கே என்று கேட்கத் தெரிந்த ஜனம் இது.

ஓடுகிற பிள்ளைகளுக்கு அப்படி மறியல் செய்ய ஆள் இல்லை. சங்கம் இல்லை. ஓட்டுரிமை கூட வரவில்லை பாதிப் பேருக்கு.

கால்பந்து வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. வியாசர்பாடிப் பையன்களைக் கேளுங்கள், பந்துக்காக உயிரை விடுவார்கள். சென்னையின் எப்.சி. ஜெயித்தால் எனக்கும் சந்தோஷம்தான். அடுத்த தடவை மைதானம் கேட்டு யார் வந்தாலும், அது கால்பந்தோ கச்சேரியோ, கையெழுத்துப் போடும் காகிதத்தில் என்ன எழுதி இருக்கிறது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். ஒரு மேட்சுக்கு எத்தனை நாள் ஓடுபாதையைப் பூட்டுவார்கள்? பாதை கிழிந்தால் தைப்பது யார் செலவு? ஈட்டி எறிகிற பெண் அந்த நாட்களில் எங்கே போவாள்? கொடிக் கம்பு யார் வாங்குவது?

லண்டன்காரனுக்கு இதைத் தெரிந்துகொள்ளத் தீர்ப்பாயம் வரை போக வேண்டி இருந்தது. நமக்கு 2005 முதல் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் போதும்.

நேற்று மயிலாப்பூர் தபால் ஆபீசில் மனுவைத் தபாலில் சேர்த்துவிட்டேன். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கு, மேலே கேட்ட அதே கேள்விகள். சட்டப்படி முப்பது நாளில் பதில் வர வேண்டும். வந்ததும் அப்படியே இந்தப் பக்கத்தில் வரும்.